கருத்துக் கேட்புக் கூட்டமும் குடியானவர் கடமையும்

நிலத்தையும் நீரையும் மாற்றத்தக்க பெருங்காரியம் ஒன்று ஓர் ஊரில் தொடங்கப்படுமுன், அவ்வூராரைக் கூட்டி அவர்களுடைய அபிப்பிராயத்தைக் கேட்டல் வேண்டும் என்பது இந்நாட்டில் இப்போது சட்டமாக இருந்து வருகிறது. இச்சட்டத்தினால் குடியானவர்களுக்கு உண்டாகக்கூடிய நன்மை பெரிது. ஆயினும் அந்நன்மையை அவர்கள் முழுவதும் அடைந்து வருகிறார்கள் என்று சொல்வதற்கில்லை. கூட்டத்துக்கு வருவோர் சிலர். வந்தவர்களிற் பேசுவோர் மிகச் சிலர். பேசுவோரிலும் தம் நிலத்தையும் கிணற்றையும் குளத்தையும் பற்றிக் கணக்கோடு பேசுவோர் அரியர். கோபித்துப் பேசிவிட்டுக் கலைவதும், யாதொன்றும் பேசாமல் வருகைப் பதிவேட்டிற் கையொப்பமிட்டுத் திரும்புவதும் பயனளவில் ஒன்றே. இரண்டினாலும் ஊருக்கு ஒரு துளி நீர் மிஞ்சாது.

கல் குவாரிகள் மிகுந்த புதுக்கோட்டை ஜில்லாவில், அதிலும் நார்த்தாமலையைப் போலக் குன்றுகள் சூழ்ந்த ஊர்களில், இவ்விஷயம் நிலமுடையோரும் கிராம உத்தியோகஸ்தர்களும் தீர ஆலோசிக்கத் தக்கது.

குன்றும் குளமும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டைக்குச் செல்லும் ரஸ்தாவில், புதுக்கோட்டைக்குச் சுமார் 17 கிலோமீட்டருக்கு இப்பால் அமைந்தது நார்த்தாமலை. மேலமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை, பொம்மமலை முதலிய ஒன்பது குன்றுகள் இவ்வூரைச் சூழ்ந்துள்ளன. மேலமலையில் விஜயாலய சோழீச்சுரம் என்னும் 9-ஆம் நூற்றாண்டுக் கற்றளி இருக்கிறது. முன்பு ஒருவர் எடுப்பித்த அத்தளி மழையினாற் சிதைந்துபோக, பின் வந்த வேறொருவர் அதனைப் புதுப்பித்தார் என்று அங்குள்ள கல்வெட்டுக் கூறும். மொட்டைப் பாறையின்மேற் பெய்யும் மழைக்கு எவ்வளவு வேகம் உண்டென்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

அவ்வேகமே கீழுள்ள வயல்களுக்கு ஜீவாதாரம். கல்லணைக் கால்வாயின் நீர் இந்த ஜில்லாவின் கிழக்குப் பகுதிக்கு மட்டுமே எட்டுகிறது. நார்த்தாமலைப் பக்கத்துக்கு வானமே காவேரி. ஜில்லா முழுவதிலும் உள்ள குளங்களும் கண்மாய்களும் ஏந்தல்களும் ஐயாயிரத்துக்கு மேற்பட்டவை. அவற்றை வெட்டிய முன்னோர்கள் இடம் பார்த்தே வெட்டினார்கள். குன்றின் அடிவாரத்தில், பாறையிலிருந்து வழியும் நீர் வாரியாகத் திரண்டு வந்து சேருமிடத்தில் கரை போட்டு, குமிழியும் கலிங்கும் வைத்தார்கள்.

இதன் கணக்கைச் சற்று நோக்குக. ஓர் ஏக்கர் பாறையின்மேல் ஓர் அங்குலம் மழை பெய்தால், அங்கே விழும் நீர் ஏறக்குறைய 1,02,800 லிட்டர் ஆகும். உழுத மண்ணாயின் அதிற் பெரும்பகுதியை மண்ணே குடித்துவிடும். பாறையோ குடிப்பதில்லை, பெரும்பாலும் அனைத்தையும் கீழே தள்ளிவிடும். ஆகையால், கிராமக் கணக்கில் கல்லாங்குத்து என்றும் மலைப் புறம்போக்கு என்றும் தீர்வையில்லாமல் எழுதப்பட்டிருக்கும் நிலம், உண்மையில் கீழே உள்ள ஆயக்கட்டின் நீர்ச் சேமிப்புக்கு வேண்டிய கூரையாக இருக்கிறது. கூரையிற் பள்ளம் தோண்டினால் அப்பள்ளத்தின் அளவுக்கு நீர் அங்கேயே நின்றுவிடும். வெட்டியெடுத்த கழிவுக் கல்லும் மண்ணும் வாரியின் குறுக்கே குவிக்கப்படுமாயின், பள்ளத்தின் அளவுக்கு அப்பாலும் நீர் தடைப்படும்.

கிணற்றின் விஷயமும் இத்தகையதே. கடினப் பாறைப் பிரதேசத்தில் நிலத்தடி நீர் ஏரி போலத் தேங்கி நிற்பதில்லை. மேலே உதிர்ந்த பாறை மண்ணிலும் அதன் கீழுள்ள வெடிப்புகளிலுமே தங்கியிருக்கிறது. அண்டைக் கிணறுகளின் அடிமட்டத்துக்கும் கீழே குவாரிக் குழி இறங்கி, குழியில் ஊறும் நீரை இயந்திரம் வைத்து இறைத்து வெளியேற்றினால், ஒரே வெடிப்பைச் சேர்ந்த கிணறுகள் வற்றக்கூடும். வேட்டு வைப்பதனாற் கிணற்றுச் சுவர் சரிவதும், கல் அரைக்கும் தூசி நிலக்கடலை, உளுந்து, முந்திரிப் பூ ஆகியவற்றின்மேற் படிவதும், பாரம் ஏற்றிய லாரிகளால் வண்டிப் பாதையும் வாய்க்காற் குழாயும் உடைவதும் குடியானவர்களுக்குத் தெரிந்தவையே.

இதனாற் குவாரியே கூடாதென்று சொல்வது பொருந்தாது. குமிழிக்கும் கலிங்குக்கும் கல் வேண்டும். வீட்டுக்கும் ரஸ்தாவுக்கும் கல் வேண்டும். நிலமில்லாத பல குடும்பங்களுக்குக் கல் உடைப்பதனாற் கூலி கிடைக்கிறது. சோழீச்சுரமும் இதே கல்லால் எழுந்ததுதான். தம் பட்டா நிலத்திலுள்ள பாறையைக் குத்தகைக்கு விட்டு வருமானம் பெறும் நிலச்சொந்தக்காரர்களும் பலர் உண்டு. அவர்கள் செய்வது குற்றமன்று. ஆனால் பாறை ஒருவருடைய பட்டாவில் இருப்பினும், அதிலிருந்து வழியும் நீர் ஆயக்கட்டு முழுவதற்கும் சொந்தம். எந்தப் பாறையை, எவ்வளவு ஆழத்துக்கு, எந்த வாரியை விட்டு வெட்டலாம் என்பதே கேள்வி. அக்கேள்விக்கு விடை காணும் இடமே கருத்துக் கேட்புக் கூட்டம்.

கூட்டம் இன்னதென்பது

மத்திய சர்க்கார் 1994-ஆம் வருஷம் ஜனவரி 27-ல் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிவிக்கையைப் பிரசுரித்தது. 1997-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத் திருத்தத்தினால், அதில் ஊராரைக் கேட்கும் விதி சேர்ந்தது. அதற்குப் பதிலாக வந்த 2006-ஆம் வருஷம் செப்டம்பர் 14-ஆம் தேதியின் அறிவிக்கையே, பல திருத்தங்களோடு, இன்றும் அமலில் இருக்கிறது. அதன் சாராம்சம் பின்வருமாறு.

மனுதாரர் முதலில் மதிப்பீட்டு அறிக்கையின் வரைவைத் தயாரித்து, அதன் சுருக்கத்தைப் பிராந்திய பாஷையிலும் எழுதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கொடுத்தல் வேண்டும். அவை கலெக்டர் காரியாலயம், ஜில்லாத் தொழில் மையம், உள்ளாட்சி மன்றம் முதலிய இடங்களில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். கூட்டத் தேதி பத்திரிகைகளில் விளம்பரம் செய்யப்படும். விளம்பரத்துக்கும் அபிப்பிராயம் சொல்வதற்கும் இடையே குறைந்தது 30 நாள் இருத்தல் வேண்டும். கலெக்டரோ, கூடுதல் கலெக்டர் பதவிக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ தலைமை வகிப்பார். பேசுவது முழுவதும் வீடியோவிற் பதிவு செய்யப்படும். முடிவில், ஊரார் சொன்னவற்றின் தொகுப்பு அவர்களுடைய பாஷையிலேயே வாசித்து விளக்கப்பட்டு, அன்றைய தினமே கையொப்பமிடப்படும். நேரில் வர இயலாதவர்கள் எழுத்து மூலம் அனுப்பலாம்.

இத்தனை பேர் வந்தாற்றான் கூட்டம் செல்லும் என்ற வரையறை ஏதும் இல்லை. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் நடந்ததாகவே முடியும். ஆகையால், வராமல் இருந்து கூட்டத்தைத் தடுத்துவிடலாம் என்று நினைப்பது தவறு. இது வாக்கெடுப்பும் அன்று. வேண்டாம் என்போர் நூறு பேர், வேண்டும் என்போர் பத்துப் பேர் என்று எண்ணி முடிவு செய்யப்படுவதில்லை. ஆனால், கூட்டத்திற் சொல்லப்பட்ட முக்கியமான ஆட்சேபணை ஒவ்வொன்றுக்கும் மனுதாரர் விடை கூறி, அறிக்கையையும் நிர்வாகத் திட்டத்தையும் அதற்கேற்பத் திருத்தியாக வேண்டும். பின்னரே நிபுணர் குழு அவற்றைப் பரிசீலித்து, சிபாரிசு செய்யும். எனவே கூட்டத்தில் எழும் குரலின் பலத்தைவிட, பதிவில் ஏறும் செய்தியின் பலமே பின்னால் நிற்கும்.

மழைக்காலச் சாட்சி

இவ்விடத்திற் குடியானவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. குவாரிக்கு எழுதப்படும் மதிப்பீட்டு அறிக்கைகள், குவாரியைச் சுற்றி 10 கிலோமீட்டர் வரையுள்ள நீர், காற்று, மண், பயிர் ஆகியவற்றை ஆராய்கின்றன. ஆயினும் அவ்வாராய்ச்சி பெரும்பாலும் ஒரே பருவத்தில், அதுவும் மழையில்லாத பருவத்தில் நடைபெறுகிறது. காற்றிலுள்ள தூசியை அளப்பதற்கு மழையில்லாத காலமே ஏற்றது. ஆனால் வாரியை அறிவதற்கு அது ஏற்றதன்று.

புதுக்கோட்டை ஜில்லாவின் மழையிற் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டி வடகிழக்குப் பருவக்காற்றில் வருகிறது. பங்குனியில் வந்து பார்க்கும் ஆய்வாளர் கண்ணுக்கு, வரத்து வாரி முள் படர்ந்த வறண்ட பள்ளமாகவே தோன்றும். நீரோட்டம் ஏதும் இல்லை என்று அவர் எழுதினால் அது பொய்யன்று; அவர் கண்டது அவ்வளவே. ஐப்பசி அடைமழையில் அப்பள்ளம் முழங்கால் அளவு நீரோடு இரைந்து செல்வதைக் கண்டவர், அதன் கீழே நாற்று நட்டவர் மட்டுமே. அவர் அதைச் சொல்லாவிட்டால் அறிக்கைக்கு அது தெரியாது. நிபுணர் குழுவுக்கும் தெரியாது. உத்தரவிலும் அவ்வாரிக்கு இடம் இராது.

ஆகவே கூட்டத்திற் குடியானவர் கேட்டுக்கொள்ளப்படுவது தயவுக்காக அன்று, சாட்சிக்காக. ஓர் ஆண்டின் வறண்ட பருவத்தை மட்டும் கண்ட அறிக்கையோடு, நாற்பது ஆண்டு மழையைக் கண்ட அறிவு சேர்வதற்கு வேறு வாசல் இல்லை.

எவ்வாறு பேசுதல் வேண்டும்

ஓர் உதாரணத்தினால் இதனை விளக்கலாம். கூட்டத்தில் ஒருவர் எழுந்து, ‘விவசாயம் அழிந்துவிடும், குவாரி வேண்டவே வேண்டாம்’ என்று சொல்லி அமர்கிறார் என்று கொள்வோம். பதிவில் ‘ஒருவர் எதிர்ப்புத் தெரிவித்தார்’ என்று ஏறும். ‘உரிய பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்யப்படும்’ என்ற ஒரே வரியில் மனுதாரர் அதற்கு விடை கூறிவிடுவார்.

மற்றொருவர் எழுந்து பின்வருமாறு சொல்கிறார் என்று கொள்வோம். ‘என் நஞ்சை 2 ஏக்கர் 40 சென்ட், அதன் சர்வே நம்பர் இன்னது. என் கிணறு 42 அடி ஆழம். கார்த்திகையில் நீர் 8 அடியில் நிற்கும். சித்திரையில் 30 அடிக்கு இறங்கும். குன்றிலிருந்து வரும் வாரி, மனுவிற் கண்ட நிலத்தின் வடகிழக்கு மூலையைக் கடந்து எங்கள் குளத்துக்கு வருகிறது; அதன் அகலம் 6 அடி. அறிக்கையின் இன்ன பக்கத்தில் அங்கு நீரோட்டம் இல்லை என்று கண்டிருக்கிறது. அது சரியன்று. புலப்படத்தின் நகலும், மழையில் எடுத்த படமும் இதோ. அதிகாரிகள் ஸ்தலத்தைப் பார்வையிட்டு, வாரியை விட்டு எல்லை குறிக்க வேண்டும்.’ இதற்கு ஒரு வரியில் விடை கூற இயலாது. ஒன்று, எல்லை மாற வேண்டும். அல்லது, ஏன் மாற வேண்டியதில்லை என்பதற்குக் காரணம் எழுதப்பட வேண்டும். இரண்டாமவர் குவாரியை எதிர்த்தார் என்றுகூடச் சொல்வதற்கில்லை. ஆயினும் ஊருக்கு நன்மை செய்தவர் அவரே.

இவ்வாறு பேசுவதற்குக் கூட்டத்தன்று காலையில் ஆயத்தம் செய்தல் இயலாது. அறிவிப்பு வந்த 30 நாளும் போதா. ஆகையாற் குன்றடிக் கிராமத்தார் ஒவ்வொருவரும் பின்வருவனவற்றை எக்காலத்தும் கைவசம் வைத்திருத்தல் நலம்.

(1) கிணற்றின் ஆழமும், மாதம் ஒருமுறை அளந்த நீர்மட்டமும். கயிற்றில் ஒரு கல்லைக் கட்டி இறக்கினாற் போதும், செலவில்லை. இரண்டு மூன்று வருஷத்துக் கணக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருந்தால் அதற்கு விலையே இல்லை.

(2) குளத்துக்கு நீர் வரும் வாரிகள் எவை, அவை எந்தெந்தச் சர்வே நம்பரைக் கடந்து வருகின்றன என்ற குறிப்பு. மழை ஓடும்போது எடுத்த புகைப்படங்கள், தேதியோடு.

(3) குளம் எந்தத் தேதியில் நிரம்பிக் கலிங்கு பாய்ந்தது, எந்த வருஷம் நிரம்பவில்லை என்ற கணக்கு.

(4) பயிர், விளைச்சல், ஆடுமாடுகளின் எண்ணிக்கை, அவை மேயும் இடம், நீர் குடிக்கும் ஊரணி.

(5) முன்பு வெட்டிக் கைவிடப்பட்ட குவாரிக் குழிகள் அருகில் இருப்பின் அவற்றின் இடமும் ஆழமும். வேலி உண்டா என்பதும்.

(6) வீடுகளும் பள்ளிக்கூடமும் கோயிலும் மனுநிலத்திலிருந்து எத்தனை மீட்டர் என்ற அளவு. குடியிருப்புக்கு 300 மீட்டருக்குள் கல் வெட்டக் குத்தகை வழங்கலாகாது என்பது தமிழ்நாட்டுச் சிறுகனிமச் சலுகை விதி. சோழீச்சுரம் போன்ற பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்கு மத்திய சர்க்காரின் தனிச் சட்டமும் உண்டு.

விதிகள் மாறிவருவதையும் கவனித்தல் வேண்டும். காப்புக் காடுகளுக்கு 1 கிலோமீட்டருக்குள் குவாரி கூடாதென்று 2021-ல் தமிழ்நாட்டில் விதிக்கப்பட்டது. 2022-ல் காப்புக் காடுகள் அவ்விதியிலிருந்து நீக்கப்பட்டன. பழைய விதியை நம்பிப் பேசுபவரின் பேச்சு முழுவதும் தள்ளுபடியாகக்கூடும்.

பேசும் உரிமை பட்டாதாருக்கு மட்டும் உரியதென்று எண்ணலாகாது. வாரக் குடியானவர், கூலியாள், ஊரணியில் நீர் எடுக்கும் பெண்கள், ஆடு மேய்ப்போர் ஆகிய யாவருக்கும் அவ்வுரிமை உண்டு. பெரிய நிலக்காரர் ஒருவர் ஊருக்காகப் பேசிவிட்டார் என்று மற்றையோர் வாளாவிருந்தால், குடிநீரைப் பற்றியும் மேய்ச்சலைப் பற்றியும் பதிவில் ஒன்றும் ஏறாது போகும். குவாரியில் வேலை செய்வோரும் தம் கூலியைப் பற்றித் தாராளமாகப் பேசட்டும். அவர்களை அதட்டி அமர்த்துவதனால் ஊரின் வழக்கு வலுவிழக்குமேயன்றி வலுப்பெறாது.

கூட்டம் முடிந்தபின் வேலை முடிந்துவிட்டதென்று இருத்தலும் தவறு. அனுமதி வழங்கப்பட்டால், மனுதாரர் அதனை 7 நாளுக்குள் உள்ளூரிற் பரவும் இரண்டு பத்திரிகைகளில் விளம்பரப்படுத்த வேண்டும். அதில் மனக்குறை உடையவர்கள் 30 நாளுக்குள் சென்னையிலுள்ள தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு அப்பீல் செய்யலாம். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை தாமதம் மன்னிக்கப்படும். நிபந்தனைகளை நிறைவேற்றிய விவரத்தை ஆறு மாதத்துக்கொருமுறை மனுதாரர் தாக்கல் செய்ய வேண்டும் என்ற விதியும் உண்டு. அதை வாங்கிப் படித்து, வாரிக்கரையில் நடப்பதோடு ஒத்துப் பார்ப்பது ஊராரின் கையில் இருக்கிறது.

கிராம உத்தியோகஸ்தர் கடமை

பத்திரிகை விளம்பரம் சட்டத்துக்குப் போதுமானது. குன்றடிக் கிராமத்துக்குப் போதுமானதன்று. அறிவிப்பைக் கண்ட அன்றே கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சிச் செயலரும் அதனை ஊராட்சி மன்றம், கூட்டுறவுச் சங்கம், நியாயவிலைக் கடை, கோயில் வாசல் ஆகிய இடங்களில் ஒட்டுவித்து, தண்டோராவோ ஒலிபெருக்கியோ கொண்டு தெரிவிப்பது மிகவும் சிலாக்கியம். நடவு நாளிலும் அறுவடை நாளிலும் கூட்டம் குறிக்கப்பட்டிருப்பின், தேதியை மாற்றும்படி மேலதிகாரிக்கு முற்கூட்டியே எழுதலாம். கூட்ட இடம் ஊரிலிருந்து பல கல் தொலைவிலுள்ள கலியாண மண்டபமாக இருப்பின், அதனையும் எடுத்துக் காட்டலாம்.

அடங்கல், அ-பதிவேடு, புலப்படம் ஆகியவற்றின் நகல்களைக் கேட்போருக்குத் தாமதமின்றிக் கொடுப்பது அவர்களாற் செய்யக்கூடிய பெரிய உபகாரம். வாரி என்று தரையில் இருப்பது கணக்கில் வாரி என்று இல்லாத இடங்கள் பல. அத்தகைய இடங்களைக் கூட்டத்துக்கு முன்னரே ஸ்தல விசாரணை செய்து, மேலிடத்துக்கு அறிக்கை அனுப்புதல் நியாயம். உத்தியோகஸ்தர் எந்தப் பக்கமும் சாய வேண்டியதில்லை. உள்ளதை உள்ளபடி எழுதினால் அதுவே போதுமானது.

அறிக்கையின் சுருக்கம் மட்டுமே தமிழில் இருப்பது மேலதிகாரிகள் கவனிக்க வேண்டிய குறை. நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டதைச் சில பக்கச் சுருக்கத்தைக் கொண்டு ஆட்சேபிக்கச் சொல்வது, விதை நெல்லைக் காட்டாமல் விலை பேசச் சொல்வதை ஒக்கும். முழுவதையும் மொழிபெயர்ப்பது கடினமாயின், நீர், வேட்டு, தூசி ஆகியவற்றைப் பற்றிய அத்தியாயங்களையாவது தமிழில் தருதல் வேண்டும். குளப் பாசனத்தை நம்பிய கிராமங்களில் ஒரு மழைக்கால ஆய்வையும் கட்டாயமாக்குதல் வேண்டும்.

கூட்டம் இல்லாத இடத்து

எல்லாக் காரியங்களுக்கும் கருத்துக் கேட்புக் கூட்டம் உண்டென்று எண்ணலாகாது. சிறுகனிமக் குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 2012-ஆம் வருஷம் பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் தீபக் குமார் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆயினும் 5 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 12 ஏக்கர் 36 சென்டுக்கு, உட்பட்ட தனிக் குவாரிக்குக் கூட்டம் நடத்தப்படுவதில்லை. ஒன்றுக்கொன்று 500 மீட்டருக்குள் அமைந்த குவாரிகளின் மொத்தப் பரப்பு 5 ஹெக்டேரைத் தாண்டினால், அவை ஒரு தொகுதியாகக் கருதப்பட்டு, சில விலக்குகளுக்குட்பட்டு, கூட்டம் அவசியமாகிறது. ஆகையாற் புது மனு ஒன்று வரும்போது, அதன் பரப்பை மட்டும் பார்த்துத் திருப்தியடையாமல், அண்டையிலுள்ள குவாரிகளையும் அளந்து கூட்டிப் பார்த்தல் வேண்டும்.

எண்ணெய், எரிவாயு ஆராய்ச்சிக் கிணறுகளுக்கு இக்கூட்டம் வேண்டியதில்லை என்று 2020-ஆம் வருஷம் ஜனவரியில் மத்திய சர்க்கார் விலக்கு அளித்தது. 2025-ஆம் வருஷம் செப்டம்பரில் அணுசக்திக் கனிமங்கள், அரிய முக்கியக் கனிமங்கள் ஆகியவற்றின் சுரங்கங்களுக்கும் அவ்வாறே விலக்கு அளிக்கப்பட்டது. காரியம் துரிதமாக நடக்க வேண்டும் என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். இது ஆலோசிக்கத் தக்கது. இதே ஜில்லாவிலுள்ள நெடுவாசலில் எரிவாயு எடுப்பதற்கு 2017-ஆம் வருஷம் பிப்ரவரியில் மத்திய மந்திரிசபை சம்மதம் அளித்தபோது, ஊராரை முன்கூட்டிக் கலந்தார் எவரும் இலர். பத்திரிகைகளில் அறிவிப்பைக் கண்ட பின்னரே ஊர் திரண்டது. கிளர்ச்சி மாதக்கணக்கில் நீடித்தது. காரியமும் துரிதமாக நடைபெறவில்லை. மதுரை ஜில்லா அரிட்டாபட்டியைச் சூழ்ந்த பகுதியில் டங்ஸ்டன் எடுப்பதற்கு 2024 நவம்பரில் ஏலம் முடிந்தது. நார்த்தாமலையைப் போலவே குன்றும் குளமும் சமணச் சின்னமும் உள்ள அவ்வூர் 2022-லேயே பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டிருந்தது. கிராமங்கள் எதிர்த்தன, சட்டசபையும் டிசம்பரில் தீர்மானம் நிறைவேற்றியது, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தாயிற்று. முதலிற் கேட்டிருந்தால் மூன்று மாதத்து அல்லலும் செலவும் எல்லோருக்கும் மிஞ்சியிருக்கும். கேட்பதனால் உண்டாகும் தாமதத்தைவிடக் கேளாமையினால் உண்டாகும் தாமதமே பெரிது.

2020-ஆம் வருஷத்து வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டம், புதுக்கோட்டை ஜில்லாவில் அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேற்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஆகிய ஐந்து வட்டாரங்களை மட்டுமே தழுவுகிறது. நார்த்தாமலைப் பக்கம் அதற்கு வெளியே இருக்கிறது. அன்றியும், கட்டடக் கல் வெட்டுவது அச்சட்டம் தடுக்கும் தொழில்களில் ஒன்றன்று. ஆகையாற் கருத்துக் கேட்புக் கூட்டம் இல்லாத சிறு குவாரிகளின் விஷயத்தில், இப்பக்கத்தார்க்கு எஞ்சியிருப்பது கிராம சபையே.

கிராம சபைத் தீர்மானம் பயனற்றதென்று சிலர் கூறுவர். ஒரிஸாவில் நியமகிரி மலையில் பாக்சைட் எடுக்கும் விஷயத்தில், 2013-ஆம் வருஷம் ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் கிராம சபைகளைக் கேட்கும்படி உத்தரவிட்டது. பன்னிரண்டு கிராம சபைகள் கூடின, பன்னிரண்டும் மறுத்தன, மறுவருஷம் ஜனவரியில் மத்திய சர்க்கார் அனுமதியை நிராகரித்தது. அங்கே வன உரிமைச் சட்டத்தின் பலம் இருந்தது. பட்டா நிலக் குவாரிக்கு அவ்வளவு பலம் இராது. ஆயினும் வாரியின் பெயரும் சர்வே நம்பரும் அளவும் கண்ட தீர்மானம் ஒன்று பதிவேட்டில் இருக்குமானால், நாளை கலெக்டர் முன்னும் தீர்ப்பாயத்தின் முன்னும் அது சாட்சி சொல்லும். தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அவற்றுள் மார்ச்சு 22-ஆம் தேதி தண்ணீர் தினம். நவம்பர் முதல் தேதி அடைமழைக் காலம். நவம்பரில் வாரிகளைக் கண்ணால் கண்டு, அன்றைய சபையிலேயே அவற்றைப் பதிந்து வைத்தல் தகும்.

முடிவுரை

இடைக்காலத்தில் நார்த்தாமலை தெலுங்ககுலகாலபுரம் என்ற பெயருடைய வணிக நகரமாக இருந்தது. நகரத்தார் சபை கூடி, நில விற்பனை முதலிய காரியங்களை முடிவு செய்து, பின்வருவோர் மறுக்காதபடி கல்லிற் பொறித்து வைத்தது. அச்சபையிற் பேசியவர்களின் குரல் இன்று இல்லை. எழுதி வைத்தது இருக்கிறது.

இக்காலத்துக் குடியானவர்கள் கல்லில் எழுத வேண்டியதில்லை. கிணற்றின் ஆழத்தையும் வாரியின் அகலத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, கூட்டம் வரும் நாளில் அதை எடுத்துச் சென்று வாசித்தாற் போதும். தொகுப்பு வாசிக்கப்படும் வரை எழுந்து போகாமல் இருந்து, தாம் சொன்னது ஏறியிருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளல் வேண்டும். வருகிற ஐப்பசி மழையின்போது, குடை பிடித்தாவது ஒருமுறை குன்றடிக்குச் சென்று, நீர் எந்த வழியாக இறங்குகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வது இவ்வேலையின் தொடக்கமாகும்.